முகவைக் கரையில் சொந்தமாகப் புத்தகம் போட: மூன்று வகை அச்சகமும் உப்புக்காற்றும்

தொண்டியில் தொடங்கி ராமேஸ்வரம், மண்டபம், கீழக்கரை, சாயல்குடி என்று நீளும் முகவைக் (ராமநாதபுரம்) கரையில் சொந்தக் காசில் புத்தகம் போடுகிறவருக்கு அச்சடிக்க மூன்று வழி உண்டு. ஒன்று, ராமநாதபுரத்திலோ பரமக்குடியிலோ கல்யாணப் பத்திரிகையோடு புத்தகமும் அடித்துத் தரும் டிஜிட்டல் பிரஸ். இரண்டாவது, அருப்புக்கோட்டை தாண்டி சிவகாசி, இல்லையென்றால் மதுரை ஆஃப்செட். மூன்றாவது, சென்னையிலும் பெங்களூரிலும் இருந்துகொண்டு, ஆர்டர் வந்தால் மட்டும் ஒவ்வொரு பிரதியாக அடித்து அனுப்பும் பிரின்ட் ஆன் டிமாண்ட் நிறுவனங்கள். கொட்டேஷனை மட்டும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் சிவகாசிதான் ஜெயிக்கும். ஆனால் புத்தகம் குடியிருக்கப்போவது சிவகாசியில் இல்லை, உங்கள் வீட்டு அலமாரியில். பாம்பன் பாலத்து இரும்பையே அரித்த காற்று, ஒரு ரூபாய் ஸ்டேப்ளர் கம்பியை விட்டுவைக்குமா? இந்த மதிப்பீடு அந்தக் காற்றையும் கணக்கில் சேர்த்துத்தான்.

ஒப்பிட வசதியாக ஒரே புத்தகத்தை எடுத்துக்கொள்வோம். டெமி 1/8 அளவு, அதாவது 14 × 21.5 செ.மீ. 160 பக்கம், 70 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 70 கிராம்) மேப்லித்தோ தாள், உள்ளே கறுப்பு மட்டும். அட்டை 300 ஜிஎஸ்எம் ஆர்ட் போர்டு, நான்கு நிறம், மேட் லேமினேஷன். நாவல், கட்டுரை, ஊர் வரலாறு எதுவானாலும் இந்தப் பக்கத்துப் புத்தகங்கள் பெரும்பாலும் இந்த அச்சில்தான் வருகின்றன.

முதலில் ஆஃப்செட், அதாவது பக்கங்களைத் தகட்டில் (பிளேட்) ஏற்றி மொத்தமாக அடிக்கும் முறையின் கணக்கு. டபுள் டெமி தாள் 23 × 36 அங்குலம். தாளின் ஒரு முகத்தில் 16, இரு முகமும் சேர்ந்து 32 பக்கம் வரும். 160 பக்கத்துக்கு ஐந்து தாள், உள்பக்கத்துக்கு 10 பிளேட், அட்டைக்கு 4 பிளேட். 300 அடித்தாலும் 1000 அடித்தாலும் இந்த 14 பிளேட்டின் செலவு மாறாது. மெஷினில் ஏற்றி, மை சமன் செய்து, முதல் நல்ல தாள் வரும்வரை கழியும் தாளும் ஏறத்தாழ அதேதான். அதனால்தான் "சார், இன்னும் 500 சேர்த்துக்குங்க, பேப்பர் காசு மட்டும்தான்" என்கிறார்கள். அவர்கள் சொல்வது பொய் இல்லை. 300 பிரதிக்குக் கீழே டிஜிட்டல், மேலே ஆஃப்செட் என்பது தொழிலில் பொதுவாகச் சொல்லும் கணக்கு. பிரதி கூடக் கூட ஒரு பிரதியின் அடக்கவிலை இறங்கும் என்பதும் உண்மை. இந்தக் கரையில் அந்தக் கூடுதல் 500ஐ இரண்டு ஐப்பசி-கார்த்திகை தாண்டிக் காப்பாற்ற ஆகும் செலவு மட்டும் எந்தக் கொட்டேஷனிலும் வராது.

பக்க எண்ணிக்கையை 16இன் மடங்கில் நிறுத்துங்கள். 16 பக்கம் சேர்ந்த ஒரு மடிப்புதான் ஃபாரம். 163 பக்கம் என்றால் அந்த மூன்று பக்கத்துக்காக அரை ஃபாரமோ கால் ஃபாரமோ சேரும். பிளேட்டும் மடிப்பும் தனி, கூலியும் தனி. பெரும்பாலும் இந்த மூன்று பக்கத்தைக் கொண்டுவருவது அணிந்துரைதான். மூன்று பெரியவர்களிடம் வாங்கிய அணிந்துரையும் நன்றியுரையும் சேர்ந்தால் ஒரு ஃபாரம் முழுசாகப் போய்விடும். தமிழ்ப் புரவலர் பாண்டித்துரைத் தேவரின் காலம் என்றால் அவரே கொடுத்திருப்பார். இப்போது உங்கள் பையில் இருந்துதான் போகவேண்டும்.

கொட்டேஷன் வாங்கும்போது எழுத்தில் கேட்கவேண்டியவை: தாளின் மில் பெயர், ஜிஎஸ்எம், லேமினேஷன் வகை, பைண்டிங் வகை, பண்டல் கட்டும் கூலி, லாரி செலவு, ஜிஎஸ்டி உள்ளே சேர்ந்ததா வெளியே சேர்வதா. அச்சுப் புத்தக விற்பனைக்கு ஜிஎஸ்டி கிடையாது, அச்சுக் கூலிக்கு உண்டு. நீங்கள் கட்டிய வரியை வாங்குகிறவரிடம் வசூலிக்க முடியாது. ஆகவே அந்தத் தொகை அப்படியே அடக்கவிலையில் ஏறும்.

எழுத்துரு என்னும் முதல் சிக்கல்

தாளுக்கும் பசைக்கும் முன்னால் ஃபைல். ஆசிரியர் போனிலோ கம்ப்யூட்டரிலோ யூனிகோடில் அடிக்கிறார். பிரஸ் ஆபரேட்டர் கை பழகியது பேஜ்மேக்கர் மென்பொருளும் பாமினி வகைப் பழைய எழுத்துருவும். பாமினி என்பது ஆங்கில விசைகளின் மேல் தமிழ் உருவத்தைப் போர்த்திய எழுத்துரு. "தமிழ்" என்று திரையில் தெரியும் சொல்லுக்கு அடியில் கம்ப்யூட்டருக்குத் தெரிவது ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி என்ற ஐந்து குறிகள்தான். யூனிகோடை இதற்கு மாற்றும்போது உங்கள் கட்டுரையில் ஆங்கில எழுத்தில் இருந்த சொல், இணைய முகவரி, மீனின் அறிவியல் பெயர் எல்லாம் தமிழ் எழுத்துக் குப்பையாக மாறும். ப்ரூஃப் பார்ப்பவர் தமிழ்ப் பிழையைத் தேடுவார். இந்தக் குப்பையைச் சில சமயம் ஏதோ வட்டாரச் சொல் என்று விட்டுவிடுவதும் உண்டு. கீழக்கரை, பெரியபட்டினம், தொண்டிப் பக்கத்து நூல்களில் நபிகள் பெயரையடுத்து வரும் அரபு முத்திரை எழுத்து இந்த மாற்றத்தில் வெறும் கட்டமாகிவிடும். அதை முதலிலேயே (ஸல்) என்று தமிழில் அடித்துவிடுவது பத்திரம்.

யூனிகோடிலேயே வடிவமைக்கும் பிரஸ்ஸில் வேறு கோளாறு. இன்டிசைன் மென்பொருளில் பத்தி அமைப்பானை வேர்ல்ட்-ரெடி கம்போசருக்கு மாற்றாவிட்டால் கொம்பு இடம் மாறும். "தோணி"யின் கொம்பு "த"வுக்கு முன்னால் நிற்காமல் பின்னால் போய்க் காலோடு ஒட்டிக்கொள்ளும். உள்பக்கத்தில் இதைச் சரிசெய்த பிறகும் அட்டையில் தலைப்பு உடைந்து வருவது அடிக்கடி நடக்கிறது. காரணம் எளிது: உள்பக்கம் ஒரு மென்பொருளில், அட்டை வேறொன்றில், அதுவும் பழைய பதிப்பில். அட்டையின் பின்பக்கக் குறிப்பையும் முதுகில் வரும் பெயரையும் ஒரு எழுத்து விடாமல் படியுங்கள். முதுகுதான் அலமாரியில் தெரியும் ஒரே பக்கம். 80 இலைக்கு அது ஏறத்தாழ 8 மி.மீ. அகலம்தான் வரும், எழுத்தை அதற்குள் அடக்கவேண்டும்.

ப்ரூஃப் எப்போதும் கடைசிப் பிடிஎஃப்பில் இருந்து பாருங்கள். வேர்ட் ஃபைலில் திருத்தி வைத்தது பிரஸ் ஃபைலுக்குப் போய்ச் சேர்ந்ததா என்பது அதில்தான் தெரியும். கரைச் சொற்களுக்கு ஒரு தனித் தாள் எழுதிக் கொடுப்பதும் உதவும். கச்சான், சோழகம், கொண்டல், வத்தை, பாடு, வடகடல், தென்கடல். "இவை பிழையல்ல, கை வைக்கவேண்டாம்" என்று தலைப்பிட்டு ஆபரேட்டர் மேஜையில் ஒட்டச் சொல்லுங்கள். நல்ல மனசோடு "வத்தை"யைத் திருத்தி "வாத்தை" பறக்கவிடும் ஆபரேட்டர்கள் உண்டு.

இந்த விஷயத்தில் ஊர் டிஜிட்டல் பிரஸ்ஸுக்குத்தான் முதல் மதிப்பெண். பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, திரையில் கைகாட்டித் திருத்தலாம். சிவகாசிக்கு வாட்ஸ்அப்பில் 40 திருத்தம் அனுப்பினால் 36 ஏறும். விட்டுப்போன நான்கு எவை என்று தேட மறுபடி 160 பக்கமும் படிக்கவேண்டும். பிரின்ட் ஆன் டிமாண்டில் நீங்கள் ஏற்றும் பிடிஎஃப்தான் புத்தகம். கேட்க ஆள் இல்லை, கெடுக்கவும் ஆள் இல்லை.

யார் வடிவமைத்தாலும் யூனிகோட் மூலத்தைத் திருத்தங்களோடு உங்களிடம் ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். பாமினியில் முடிந்த ஃபைலைக் கிண்டிலுக்குக் கொடுத்தால் வாசகருக்குக் கிடைப்பது அரைப்புள்ளி மழைதான். "ஔ"வை "ஒ" போட்டு "ள" போட்டு அடித்திருந்தால் கண்ணுக்குத் தெரியாது, தேடினால் கிடைக்காது. மின்நூலுக்கு முன் அதையும் ஒரு முறை தேடி மாற்றிவிடவேண்டும்.

பைண்டிங்: காசு இங்கேதான் போடவேண்டும்

பெர்ஃபெக்ட் பைண்டிங் என்பது ஃபாரங்களை அடுக்கி, முதுகை அரைத்துச் சொரசொரப்பாக்கி, சூடான பசை தடவி அட்டையை ஒட்டுவது. வழக்கமான பசை ஹாட்மெல்ட் ஈவிஏ. விலை குறைவு, நிமிடத்தில் இறுகிவிடும். அரைப்பு மேலோட்டமாக இருந்தால் ஃபாரத்தின் உள்மடிப்பில் இருக்கும் இலைகளுக்குப் பசை எட்டாது. அந்த இலைகள்தான் முதலில் கழன்று வரும். பசை ஏற்றும்போது சூடு போதாவிட்டால் தாளின் நாருக்குள் இறங்காமல் மேலே தோலாக நிற்கும். புத்தகத்தை நடுவில் விரித்தால் "டக்" என்று முதுகு பிளக்கும். சித்திரை வெயிலில் மூடி நிறுத்திய வேனுக்குள் பண்டல் கிடந்தால் அதே பசை இளகும்.

இதோடு கரையின் ஈரம் சேர்கிறது. தாள் ஈரத்தைக் குடித்தால் நாரின் குறுக்குத் திசையில்தான் அதிகம் விரியும். நார் ஓட்டம் முதுகுக்கு இணையாக, மேலிருந்து கீழாக இருந்தால் விரிவு பக்கத்தின் அகலத்துக்குப் போய்விடும், பாதகமில்லை. நார் குறுக்கே ஓடினால் தாள் உயரவாக்கில் விரியப் பார்க்கும், முதுகுப் பசை விடாது. இந்த இழுபறியில் பக்கங்கள் அலை அலையாக நெளியும். அலமாரியில் வைத்த புத்தகம் மழைக்காலம் முடிந்ததும் பப்படம் மாதிரி ஆவது இப்படித்தான். சோதிப்பது சுலபம். அந்தத் தாளில் ஒரு சதுரத் துண்டு வெட்டி, எந்த ஓரம் எந்தப் பக்கம் இருந்தது என்று குறித்துக்கொண்டு, ஒரு பக்கம் மட்டும் தண்ணீர் தடவுங்கள். துண்டு குழாயாகச் சுருளும். குழாய் எந்தத் திசையில் நீளமாகக் கிடக்கிறதோ அதுதான் நார் ஓட்டம். டம்மி பிரதி கொண்டுவந்து காட்டும்போதே இதைச் செய்துவிடலாம்.

டிஜிட்டல் பிரஸ்ஸில் இந்த அலை இன்னும் சீக்கிரம் வரும். டோனரை உருக்கிப் பதிக்க மெஷின் தாளைச் சுடவைக்கிறது. தாளில் இருந்த ஈரம் போய்விடுகிறது. சூடு ஆறுவதற்குள் பைண்டிங் செய்து, ராமேஸ்வரத்து வீட்டில் கொண்டு வைத்தால், காய்ந்த தாள் ஓரங்களில் இருந்து ஈரத்தை இழுக்கத் தொடங்கும். அடித்த தாளை ஒரு நாளாவது ஆறவைத்து, பிறகு கட்டச் சொல்லுங்கள். "இப்பவே கட்டித் தர்றோம்ணே" என்று சொன்னால், வேண்டாம், நாளைக்கு வருகிறேன் என்று சொல்லிவிட்டு வாருங்கள்.

அட்டைக்கு வருவோம். மேட் லேமினேஷன் அழகுதான். அட்டையின் வெளிப்பக்கம் பிளாஸ்டிக் ஃபிலிம், ஈரம் நுழையாது. உள்பக்கத்தில் ஃபிலிம் இல்லை. போர்டு அந்த வழியாக ஈரத்தைக் குடித்து விரியும். உள்பக்கம் நீள, வெளிப்பக்கம் அப்படியே நிற்க, அட்டை வெளிவாக்கில் வளைந்து, வாய் திறந்த மட்டி போல ஆகிவிடும். புத்தகத்தின் மேல் கனம் வைத்தால் படியும், எடுத்தால் மறுபடி திறக்கும். ஈரத்தை ஓரளவு விடும் நைலான் வகை ஃபிலிம் இருக்கிறது, வளைவு குறையும். எல்லா பிரஸ்ஸிலும் கிடைக்காது, விலையும் அதிகம். கிடைக்காத இடத்தில் வார்னிஷ் பூச்சுப் போதும். பளபளப்பு கொஞ்சம் குறையும், உரசினால் கீறல் விழும், ஆனால் அட்டை படுத்திருக்கும்.

சிறுவெளியீடுகளுக்கு நடுவில் கம்பி அடிக்கும் சென்டர் பின் இந்தக் கரைக்கு ஆகவே ஆகாது. ஒரு மழைக்காலத்திலேயே கம்பி துருவேறி, நடுப்பக்கத்தில் செம்மண் கறை இறங்கும்; பிறகு அந்த இடத்தில் தாளே இற்றுப்போகும். 32 பக்கக் கவிதைப் புத்தகமானாலும் நூல் தையல் கேளுங்கள்.

160 பக்கப் புத்தகத்துக்கும் எங்கள் பரிந்துரை ஃபாரம் தையல்தான். 16 பக்கம் ஒரு ஃபாரம், பத்து ஃபாரம். ஒவ்வொன்றையும் மடிப்பில் நூலால் தைத்து, ஒன்றோடொன்று கோத்து, அதன்மேல் பசையும் அட்டையும். பசை கைவிட்டாலும் நூல் பிடித்திருக்கும். மல்லாக்க விரித்து வைத்துப் படிக்கலாம். கூடுதல் கூலியும் சில நாள் தாமதமும் உண்டு. சிவகாசியிலும் மதுரையிலும் தைத்துத் தர ஆள் இருக்கிறார்கள். டிஜிட்டல் பிரஸ்ஸில் தாளைத் தனித்தனி இலையாக வெட்டிவிடுவதால் பெரும்பாலும் தைக்க மடிப்பே இருக்காது. பிரின்ட் ஆன் டிமாண்டில் பொதுவாக மெஷின் பசை மட்டும்தான். பசையில் பியூஆர் வகை ஈரத்தையும் சூட்டையும் ஈவிஏவைவிட நன்றாகத் தாங்கும். எந்தப் பசை என்று கேட்டால் ஒழுங்கான இடத்தில் பதில் கிடைக்கும்.

தாளைப் பற்றி ஒரு வரி. கரூர்ப் பக்கம் புகளூரில் கரும்புச் சக்கையில் இருந்து தயாராகும் டிஎன்பிஎல் தாள் இந்த வேலைக்குத் தாராளமாகப் போதும். வெள்ளைக்குப் பதில் லேசான மஞ்சள் நிழல் கேளுங்கள், கண்ணுக்கும் நல்லது.

நிறம் பற்றிச் சொல்லாமல் விட முடியாது, ஏனென்றால் இந்தக் கரையில் எழுதுகிறவர்களில் பாதிப்பேர் அட்டையில் கடலைப் போடுகிறார்கள். போன் திரையில் மின்னும் அரியமான் கடற்கரையின் நீலம் அச்சு மையில் கிடையாது. திரை ஒளியால் காட்டுகிறது, அச்சு சயான், மெஜன்டா, மஞ்சள், கறுப்பு என்ற நான்கு மையால் காட்டுகிறது. மாற்றும்போது நீலம் மங்கும். மெஜன்டா அளவு சயானை நெருங்கினால் கடல் கத்தரிப்பூ நிறமாகும். மெஜன்டாவைச் சயானைவிட 30 புள்ளியாவது கீழே வைக்கச் சொல்லுங்கள். வெட்டுக்காக நான்கு பக்கமும் 3 மி.மீ. படம் வெளியே நீளவேண்டும், இல்லாவிட்டால் ஓரத்தில் வெள்ளைக் கோடு தெரியும். உள்பக்க எழுத்து கறுப்பு மை 100 மட்டும். நான்கு மையும் கலந்த கறுப்பாக இருந்தால் எழுத்தின் ஓரம் கலங்கும்.

பிரின்ட் ஆன் டிமாண்ட், கிண்டில்

வீட்டில் ஸ்டாக் வைக்கவேண்டாம் என்பது இந்தக் கரையில் சின்ன வசதி இல்லை. கரையான், வெள்ளிப்பூச்சி, பூஞ்சை எதுவும் இல்லை. வெளியூர் வாசகருக்கு, வளைகுடாவில் இருக்கும் கீழக்கரைக்காரரின் சென்னை வீட்டுக்கு, நேரே போய்ச்சேரும். பிழை கண்டால் ஃபைலை மாற்றினால் அடுத்த பிரதியில் திருந்திவிடும். ஆஃப்செட்டில் 1000 பிரதியிலும் அந்தப் பிழை உங்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருக்கும்.

காசில்தான் இடிக்கும். உதாரணத்துக்கு விலை 200 ரூபாய், ஒரு பிரதி அச்சுச் செலவு 100, விற்பனைத் தளத்தின் கழிவு 35 விழுக்காடு என்று வைத்துக்கொள்ளுங்கள். 70 கழிவு, 100 அச்சு. மிச்சம் 30, அதிலும் நிறுவனத்துக்குப் பங்கு உண்டென்றால் இன்னும் குறையும். விலையை 280 ஆக்கினால் கணக்கு சரியாகும், வாங்குகிறவர் சரியாக மாட்டார். இதே புத்தகம் ஆஃப்செட்டில் பிரதிக்கு 70 ரூபாய்க்கு அடங்கி, கடைக்கு 40 விழுக்காடு கழிவு கொடுத்தாலும் 50 நிற்கும். ஆனால் 300 விற்கும் என்று நம்பி 1000 அடித்தால் 700 பிரதியில் 49,000 ரூபாய் உறங்கும். அந்த 49,000 ஈரத்தோடு உறங்குகிறது என்பதுதான் விஷயம்.

பேக்கேஜ் விற்கும் நிறுவனங்களிடம் கையெழுத்துப் போடும் முன் மூன்றைப் பாருங்கள். ஐஎஸ்பிஎன் (நூலின் அடையாள எண்) யார் பெயரில், திறந்த வடிவமைப்பு ஃபைல் உங்களுக்குக் கிடைக்குமா, விலகவேண்டுமானால் எத்தனை நாள் அறிவிப்பு. அவர்கள் ஐஎஸ்பிஎன்னில் வெளிவந்தால் பதிவில் பதிப்பாளர் அவர்கள்தான். வேறிடம் போனால் புது எண் வேண்டும். நீங்களே வாங்குவது கஷ்டமில்லை. புதுதில்லியில் ராஜா ராம்மோகன் ராய் முகமை இலவசமாகத் தருகிறது, ஆசிரியரே பதிப்பாளராக விண்ணப்பிக்கலாம். அச்சுக்கு ஒன்று, மின்நூலுக்கு ஒன்று தனித்தனி. எண் வந்ததும் பார்கோடில் ஒரு இலக்கம் பிசகியிருக்கிறதா என்று வீட்டிலேயே சோதிக்கலாம்: முதல் 12 இலக்கத்தையும் மாறி மாறி ஒன்றாலும் மூன்றாலும் பெருக்கிக் கூட்டி, அதை அடுத்த பத்தின் மடங்குக்குக் கொண்டுபோக எவ்வளவு வேண்டுமோ அதுதான் 13ஆம் இலக்கம்.

கிண்டிலில் 2016 டிசம்பரிலிருந்து தமிழ் உண்டு. இந்திய விற்பனையில் 70 விழுக்காடு ராயல்டி வேண்டுமானால் அமேசானின் கேடிபி செலக்ட் திட்டத்தில் சேரவேண்டும், இல்லாவிட்டால் 35. செலக்டில் சேர்ந்தால் 90 நாளுக்கு அந்த மின்நூல் வேறெங்கும் இருக்கக் கூடாது. பிரதிலிபி இணையத்தளத்தில் தொடராக எழுதியதை அப்படியே விட்டுவிட்டுச் சேர்வது விதிமீறல். 90 நாள் முடிந்ததும் தானாகவே நீட்டிக்கும், தேதியைக் காலண்டரில் வட்டமிட்டு வையுங்கள்.

படம் நிறைய இருக்கும் நூல்களுக்கு ஒரு பொறி இருக்கிறது. 70 விழுக்காட்டுத் திட்டத்தில் ஃபைல் அளவுக்கு மெகாபைட்டுக்கு 7 ரூபாய் அனுப்புகூலி பிடிப்பார்கள். மன்னார் வளைகுடா மீன்கள் என்று படம் போட்டு 10 எம்பி ஆக்கிவிட்டு 99 ரூபாய் விலை வைத்தால், கூலிக்கே 70 போகும். மிச்சம் 29இல் 70 விழுக்காடு, ஏறத்தாழ 20 ரூபாய். கூலி பிடிக்காத 35 விழுக்காட்டுத் திட்டத்தில் இதே நூலுக்கு 34 ரூபாய்க்கு மேல் வரும் (வரிக் கழிவு இரண்டிலும் தனி). படத்தைச் சுருக்குங்கள், அல்லது 35ஐத் தேர்ந்தெடுங்கள். பணம் விற்ற மாதம் முடிந்து சுமார் 60 நாள் கழித்து வரும்.

தபால்

சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்ற கதை புத்தகத்துக்கு நன்றாகப் பொருந்தும். பதிவு செய்யப்பட்ட புத்தக அஞ்சல் 2024 டிசம்பரில் நின்றபோது சிறு பதிப்பாளர்கள் தவித்துப்போனார்கள். 2025 மே 1இல் அஞ்சல் துறை கியான் போஸ்டைக் கொண்டுவந்தது. கல்வி, சமூகம், பண்பாடு, சமயம் சார்ந்த அச்சு நூல்களுக்கு 300 கிராம் வரை 20 ரூபாய், 5 கிலோவுக்கு 100 ரூபாய், வரி தனி. எங்கே போகிறது என்று தடம் பார்க்கலாம். தரைவழியில்தான் போகும், அவசரத்துக்கு ஆகாது. நூலில் பதிப்பாளர் அல்லது அச்சகத்தின் பெயர் இருக்கவேண்டும், விளம்பரம் கூடாது. கடைசிப் பக்கத்தில் மாமா மகனின் ஜவுளிக்கடை விளம்பரம் போட்டுச் செலவைச் சமாளிக்க நினைப்பவர்கள் இதை யோசித்துக்கொள்ளவேண்டும்.

அந்த 300 கிராமை வைத்தே புத்தகத்தின் பருமனைத் தீர்மானிக்கலாம். நம் உதாரண நூலில் 80 இலை, 70 ஜிஎஸ்எம்: உள்தாள் 169 கிராம், அட்டை சுமார் 19 கிராம். உறையும் உள் பாலிதீனும் சேர்ந்தாலும் 300க்குள் நிற்கும். 240 பக்கமானால் புத்தகமே 270ஐத் தாண்டும், உறை போட்டதும் அடுத்த படியின் கட்டணம். 200 பக்கத்துக்கு 80 ஜிஎஸ்எம் போட்டால் புத்தகம் மட்டும் 260. உறை கனமானால் கோட்டைத் தொடும். தாள் கனத்தை முடிவுசெய்யும் முன் தராசை நினைத்துக்கொள்ளுங்கள். மழைக்காலத்தில் உள்ளே பாலிதீன் உறை கட்டாயம், அதன் வெளியே அட்டை, நான்கு மூலையும் மடிப்பு. கூரியரைவிடத் தபால் இங்கே நம்பிக்கை, ஏனென்றால் தபால்காரர் வராத மீனவக் குப்பம் குறைவு, கூரியர் கிளை இருக்கும் குப்பம் அதைவிடக் குறைவு.

வெளியிட்ட 30 நாளுக்குள், 1954ஆம் ஆண்டுச் சட்டப்படி, உங்கள் செலவில் நான்கு பிரதி அனுப்பவேண்டும்: கொல்கத்தா தேசிய நூலகம், சென்னை கன்னிமரா, மும்பை மாநில மத்திய நூலகம், தில்லி பொது நூலகம். அச்சு எண்ணிக்கையில் இதைக் கழித்துவிட்டே கணக்குப் போடுங்கள்.

எங்கள் தீர்ப்பு

150 பிரதிக்குள் என்றால் ஊர் டிஜிட்டல் பிரஸ், தாள் ஆறவைத்துக் கட்டும் நிபந்தனையோடு. 300, 400 என்றால் சிவகாசி, ஃபாரம் தையலோடு. அந்தக் கூலிக்காக 500ஐ 400 ஆகக் குறைத்துக்கொள்வதில் தப்பே இல்லை. வெளியூர் விற்பனைக்குப் பிரின்ட் ஆன் டிமாண்டைக் கூடவே ஓடவிடலாம், அதை மட்டும் நம்பவேண்டாம். 1000 பிரதி, முன்பணம் வந்த நூல்களுக்கு மட்டும்.

நேரம் பார்ப்பதும் முக்கியம். ஆடிப்பெருக்கில் தொடங்கிச் சிவகாசி காலண்டரும் டைரியுமாகப் பரபரக்கும். அந்த மாதங்களில் 400 பிரதிப் புத்தகம் வரிசையின் கடைசியில்தான் நிற்கும், வந்து சேர்வதும் அடைமழையில். பொங்கல் முடிந்த கையோடு ஃபைல் கொடுத்தால் மெஷின் கொஞ்சம் ஓய்ந்திருக்கும், காற்றும் காய்ந்திருக்கும். ஐந்து ஐந்தாக ஷ்ரிங்க் பிளாஸ்டிக் உறை அங்கேயே போடச் சொல்லுங்கள். உலர்ந்த ஊரில் அடைத்தால் உலர்வும் உள்ளேயே இருக்கும், இங்கே கொண்டுவந்து மழையில் அடைத்தால் ஈரத்தைப் பூட்டி வைத்ததாகும். மாசி பிறக்கும்போது புத்தகம் கையில் இருந்தால் ஏப்ரல் 15க்கு முன் இரண்டு மாதம் விற்கக் கிடைக்கும். அன்று தொடங்கி ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை. அப்போது வெளியீட்டு விழா வைத்தால் கூட்டம் வரும், காசு வராது.

பண்டல் லாரி ஆபீஸில் இறங்கியதும் எண்ணிக்கை மட்டும் பார்த்துக் கையெழுத்துப் போடாதீர்கள். ஒவ்வொரு பண்டலிலும் நடுவில் இருந்து ஒன்றை உருவி, 16, 32, 48 என்று ஃபாரம் மாறும் பக்கங்களைப் புரட்டுங்கள். ஃபாரம் தலைகீழாகவோ இரட்டிப்பாகவோ கோத்திருந்தால் அங்கேதான் தெரியும். பிறகு வீட்டில் சுவரில் இருந்து நான்கு விரல் தள்ளி, தரையில் படாமல் பலகை மேல் அடுக்கி, கடல் பக்கத்து ஜன்னலுக்கு எதிர்ச் சுவரோரம் வையுங்கள்.